வேலை முடியும் நேரம்

இன்று காலை மேசையின் கீழ் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தபோது கராம்பு வாசம் வந்தது. உம்முடைய சின்னத் தகர டப்பா பின்பக்கமாக விழுந்து, பழைய கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. திறந்தால் உள்ளே நாலைந்து கராம்பு. கறுத்துக் காய்ந்துவிட்டாலும் வாசம் மட்டும் உம்மைப் போலவே விட்டுக்கொடுக்கவில்லை. தொண்டைக்கு என்று சொல்லி வாயில் போட்டுக்கொள்வீர். தொலைபேசியை எடுக்கும் முன் ஒன்று, யாரையாவது கூப்பிட்டுக் கதைக்கும் முன் ஒன்று. உம்முடைய அறைக்குப் போய்வந்தவர்களிடம் பல் டாக்டரிடம் போய்வந்த வாசம் வீசுகிறது என்று நாங்கள் கீழே பகிடி பண்ணுவோம்.

மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன். இன்றைக்கு முடியவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உம்மை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. யார் என்று எடுக்க முன்னமே எனக்குத் தெரியும். அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொந்தத்தில் சொன்னால் சண்டை வரும், வேலையிடத்தில் சொன்னால் அறிக்கை கேட்பார்கள். சொல்வதற்கு நீர் ஒருத்திதான் மிச்சம், நீரும் இல்லை.

உம்மை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை, தெரியுமா? சென்ட் லோரன்ட்டில், உறையவைத்த குருவாசோன் பணிஸ் செய்யும் இந்தத் தொழிற்சாலையில் நான் அப்போது பொதி கட்டும் வரிசைக்கு மேற்பார்வை. அந்த வரிசையில் பாதிக்கு மேல் எங்களுடைய ஆட்கள். ஒருத்தி வந்தால் பின்னால் மச்சாளைக் கொண்டுவருவாள், மச்சாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டுவருவாள். நிர்வாகத்துக்கும் அது வசதி. விளம்பரம் போடத் தேவையில்லை, ஆள் எப்படி என்று விசாரிக்கத் தேவையில்லை, ஒருவருக்கு ஒருவர் நாங்களே பிணை. அதற்குள் மனிதவள அதிகாரி என்று உம்மைக் கொண்டுவந்து மாடியில் இருத்தினார்கள். திருகோணமலைக்காரி, வேதக்காரி, கட்டை மயிர், வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களைப் போலப் பிரெஞ்சு. வந்த கிழமையே, மைக்ரோவேவில் கருவாட்டுக் குழம்பு சூடாக்குகிறார்கள் என்று மெக்கானிக்மார் கொடுத்த முறைப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கன்ரீனுக்குள் வந்தீர். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம், கீழே பார்த்தோம். நீர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இது சீலா, உப்புக் கூடிப்போச்சு என்றீர். பிறகு எங்களுக்கென்று யன்னல் பக்கம் இன்னொரு மைக்ரோவேவ் வந்தது.

மனிதவளம் என்ற பெரிய பெயருக்குள் என்னதான் இருக்கிறது என்பதை உம்மைப் பார்த்துத்தான் அறிந்தேன். தீபாவளிக்கு முழு வரிசையும் லீவு கேட்டால் அடுப்பை யார் பார்ப்பது. கந்தசஷ்டி விரதக்காரியைச் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கவிடலாமா. பெரியப்பா செத்தால் எத்தனை நாள். அந்தப் பெரியப்பா விஷயத்தில் நீர் நிர்வாகத்தோடு பிடித்த பிடி இருக்கிறதே, இவர்களுக்குப் பெரியப்பாவும் அப்பா மாதிரித்தான் என்று அவர்களை ஏற்கவைக்கும்வரை நீர் விடவில்லை. அன்றிலிருந்து நீர் எங்களுடைய ஆள் என்று ஆனீர். எங்களுக்காக எதையும் வளைப்பீர் என்று நினைத்துவிட்டோம்.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை எப்போதும் கன்ரீன் சுவரில் தொங்கும். எங்களுடைய பெண்கள் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால்தான் யார் யாரைக் காரில் ஏற்றுவது, யார் பிள்ளையைக் கார்டெரிக் காப்பகத்திலிருந்து எடுப்பது என்று வீட்டில் ஒழுங்கு பண்ணலாம். யாருடைய புருசனும் போன் அடித்து, மனுசி வெளிக்கிட்டாச்சா என்று கேட்கலாம். பக்கத்தில் நிற்கிற எவளும் எடுத்துப் பதில் சொல்லுவாள். நீர் ஒரு நாள் அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனீர். இனி அவரவருக்கு அவரவர் நேரம் மட்டும்தான் தெரியும். வெளியிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

“அப்பிடி ஒராள் இஞ்ச வேலை செய்யிறாவோ இல்லையோ எண்டு நான் சொல்லமாட்டன். உங்கட பேரைச் சொல்லுங்கோ.”

புருசனுக்கும் அதுதான், தாய்க்கும் அதுதான். மனுசி பிரஷர் குளிசையை மறந்துபோட்டா என்று கொண்டுவந்த கிழவனையும் வாசலில் வாங்கிவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினீர். நான் வீட்டுத் திறப்பை விட்டுவிட்டு வந்த அன்று என் மனுசன் லாசாலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். உமக்கு அவரை நன்றாகத் தெரியும், உம்முடைய வீட்டுத் தளபாடம் தூக்கித் தந்தவர். அவரையும் உள்ளே விடவில்லை. பனிக்குள் நின்றது போதாதென்று, இங்கே அப்படி ஒருவர் இருக்கிறாரா தெரியாது என்று வேறு சொல்லி அனுப்பினீர். அந்தக் கதையை அவர் அடுத்த கோடைவரை எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உமக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசியது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பிறகு சுகந்தி.

என் வரிசையில் பெட்டிக்கு முத்திரை ஒட்டும் பக்கம் நின்ற பிள்ளை. வாயைத் திறந்தால் மூடாது. ஒரு மாரிக் குளிரில் அந்தப் பேச்சு நின்றுபோனது. உம்மிடம் வந்து என்ன சொன்னாள் என்று நீர் எனக்குச் சொல்லவில்லை. அவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள், பின்னேர ஷிப்டிலிருந்து காலைக்கு மாற்றுகிறேன், புருசனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் சொன்னீர். காலை ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் தேவன் அண்ணை என்றபடியால் அவருக்கும் சொல்லவேண்டி வந்தது.

தேவன் அண்ணையைக் கெட்டவர் என்று எந்த வாயாலும் சொல்ல முடியாது. யாருடைய கல்யாணத்திலும் முன்வரிசையில் நிற்பார். எந்த வீட்டில் சண்டை என்றாலும் இடையில் போய் இருந்து, இரண்டு பேரையும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சாப்பிடவைத்துவிட்டுத்தான் எழும்புவார். அவரிடம் கோயிலில் வைத்து சுகந்தியின் புருசன் அழுதிருக்கிறான். மன்னிப்புக் கேட்கவேண்டும், ஒருக்கால் முகத்தைப் பார்த்தால் போதும் என்று. அண்ணை உருகிப்போனார். ஒரு நாள் வேலை முடிய முன்னமே சுகந்தியைக் கூப்பிட்டுப் பக்கக் கதவால் வெளியே விட்டார். புருசன் காரோடு நின்றான்.

“ஒரு பத்து நிமிசம் கதைச்சிட்டு வா பிள்ளை. நான் இஞ்சதானே நிக்கிறன்.”

தகப்பன் இடத்தில் இருக்கிறவர் சொன்னபடியால் அவள் ஏறினாள். அண்ணை கதவடியில் நின்று, கார் திரும்பிப் போவதைச் சந்தோசத்தோடு பார்த்திருக்கிறார். நெடுஞ்சாலையில் ஓடுகிற காரிலிருந்து அவள் விழுந்தாள். தானாகக் குதித்தாள் என்றான் அவன். அவளுக்கு உயிர் மட்டும் தப்பியது. ஒழுங்காகக் கதைக்கவே அவளுக்குப் பல மாதம் பிடித்தது. டொரொண்டோவிலிருந்து சித்தி ஒருத்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய அலுமாரியை நீரும் நானும்தான் வெறுமையாக்கினோம். ஒரு சோடிச் செருப்பு, தலைக்குப் பூசும் எண்ணெய், யாருக்கோ கொடுக்க வைத்திருந்த பால் ரொபி இனிப்பு. நீர் அந்த ரொபிப் பையைக் கட்டவும் தெரியாமல் எறியவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றீர்.

அன்று கன்ரீனில் தேவன் அண்ணை மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் நல்லதுக்குத்தானே செய்தனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம், தேத்தண்ணி, முதுகைத் தடவுதல். உம்மை ஒருவரும் இரு என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு பேர் உம்முடைய காது கேட்கவே கதைத்தார்கள், ஷிப்டை மாற்றாமல் விட்டிருந்தால் வீட்டோடு சமாதானமாகப் போயிருக்கும் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்க முன் நீர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனீர். படியில் வைத்து மெல்லச் சொன்னீர்.

“எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யினம். அதுதான் எனக்குப் பயம்.”

அதன் பிறகு பக்கக் கதவு பூட்டப்பட்டது. இப்படிப்பட்ட வீட்டுப் பிரச்சினை வேலையிடத்துக்குள் வந்தால், அது தெரியவந்த முதலாளி ஆளைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று பிறகு இங்கே சட்டமும் வந்தது. நீர் அதைக் காட்டி, இப்ப எழுதிப்போட்டாங்கள் என்று மட்டும் சொன்னீர். சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை.

போன மாரியில் ஆஸ்பத்திரியில் உம்மைப் பார்க்க இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தேன். உம்மால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை. நோவுக்குக் கொடுத்த மருந்தில் கண் மேலே போய்ப் போய் வந்தது. திடீரென்று என்னைப் பார்த்து, பக்கக் கதவு பூட்டிக் கிடக்கோ என்று கேட்டீர். மயக்கத்தில் புலம்புகிறீர் என்று நினைத்துக்கொண்டு, ஓம், பூட்டிக் கிடக்கு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினீர். அதுதான் நாங்கள் கதைத்த கடைசிக் கதை. என்ன சிநேகிதம் இது என்று பிறகு காருக்குள் இருந்து அழுதேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வரவில்லை, கதவைப் பற்றித்தான் கதைத்தோம்.

உம்முடைய கதிரை எனக்குத்தான் வந்தது. எங்களுடைய ஆள் மேலே போய்விட்டாள் என்று கீழே ஒரே கொண்டாட்டம். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்தா. இனி எல்லாம் கொஞ்சம் இளகும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அட்டவணை திரும்பச் சுவருக்கு வருமா என்று முதல் கிழமையே ஒருத்தி கேட்டாள். வராது என்றேன். இவளும் அவளைப் போலத்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

வதனியை நீர் பார்த்திருக்கிறீர். என் தம்பியின் மனுசி. அவன் ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்தபிறகு நான்தான் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அதிகம் கதைக்காத பிள்ளை. சில கிழமைகளுக்கு முன் வேலை முடிந்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, என் அறைக் கதவைத் தட்டினாள். தம்பியோடு வரும்போது என் வீட்டுக்குள் தட்டாமல் நுழைகிறவள், என் குசினியில் தானே தேத்தண்ணி போடுகிறவள், இங்கே தட்டிவிட்டு வெளியே நின்றாள். கதவைச் சாத்தட்டோ மச்சாள் என்று கேட்டாள். கதிரையின் நுனியில் இருந்தாள்.

“அவர் எனக்கு அடிக்கேல்லை, பொய் சொல்லக்கூடாது. வேலைக்கு வாற நேரம் தவிர மற்ற நேரம் அறைக்குள்ள விட்டுப் பூட்டுறவர்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வந்த நாளிலிருந்து என்றாள். முதலில் இரவில் மட்டும், பிறகு அவன் வெளியே போகும்போதெல்லாம். இப்போது வீட்டை விட்டு வந்துவிட்டாளாம். கூட வேலை செய்யும் ஒருத்தியோடு இருக்கிறாளாம். எங்கே என்று சொல்ல வாயெடுத்தாள். எனக்குச் சொல்லாதே என்றேன். பொலிசுக்குப் போவோமா என்றதற்கு, மாமி தாங்கமாட்டா என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஷிப்டை மாற்றவேண்டும், அவருக்குத் தெரியக்கூடாது, அது மட்டும் போதும் என்றாள்.

மாற்றினேன். பிறகு தொழிற்சாலை மேலாளரிடம் போய், உள்ளதைச் சொன்னேன். அந்த ஆள் என்னுடைய தம்பி என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, இதை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா, உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நீர் இருந்திருந்தால் கொடு என்றுதான் சொல்லியிருப்பீர். ஆனால் வேறு யாரிடம் கொடுப்பது? எங்களுடைய ஆட்களிடம் கொடுத்தால் தேவன் அண்ணையின் கதைதான். மற்றவர்களிடம் கொடுத்தால், மெதுவாகக் கதைக்கும் ஒருவன் பூங்கொத்தோடு வந்து புருசன் என்று நின்றால் அவர்களே கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஏனென்றால் என் தம்பி மெதுவாகத்தான் கதைப்பான். அவனைப் பற்றி உமக்குச் சொல்ல நல்லதுதான் நிறைய இருக்கிறது. அப்பா போனபிறகு அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்க்கிறவன் அவன். நான் பிள்ளைப்பெற்றுக் கிடந்தபோது வேலை முடிந்து வில்லரேயிலிருந்து லாசாலுக்குத் தினமும் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போனான். ஒருவரையும் உரத்து ஏசியதை நான் கேட்டதில்லை. அவனில் எனக்கு உயிர். இன்றைக்கும் உயிர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வரச் சொன்னா. வில்லரேயில் அம்மா கீழ்வீட்டில், அவன் மேல்வீட்டில். வதனி தன்னுடைய குளிர்ச் சட்டையையும் சப்பாத்தையும் எப்படியாவது எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டிருந்தாள், ஆகவே முதலில் மேலே ஏறினேன். அவன் தானே கதவைத் திறந்து, வாங்கோ அக்கா என்று கூட்டிக்கொண்டு போனான். வீடு துடைத்துவைத்தது போல இருந்தது. படுக்கை அறைக் கதவில், வெளிப்பக்கமாக, ஒரு தாழ்ப்பாள். புதுசு இல்லை, ஆனால் நல்ல வேலை. நாலு திருகாணியும் ஒரே மட்டமாக இறக்கி, விளிம்பில் சாயம்கூடத் தொட்டிருந்தான். எதைச் செய்தாலும் துப்புரவாகச் செய்கிறவன். நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

“காத்துக்குக் கதவு அடிக்குது அக்கா. அதுக்குத்தான்.”

சொல்லிவிட்டு வதனியின் சட்டையை மடித்துப் பையில் வைத்து, பையைத் தானே தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் படி இறங்கினான். அந்தப் படி முழுக்க எனக்கு முதுகு கூசியது. என் தம்பி பின்னால் வருகிறான் என்பதற்காக என் முதுகு கூசியது, கேட்டீரா.

கீழே அம்மாவின் வரவேற்பறையில் தேவன் அண்ணை இருந்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், நடைக்குத் தடி பிடிக்கிறார். அம்மாதான் கூப்பிட்டிருக்கிறா. என்னைக் கண்டதும் கண் கலங்கி, பிள்ளை, ஒரு பத்து நிமிசம் கதைக்கவிட்டால் எல்லாம் சரியாப் போகும் என்றார். அதே வார்த்தை. சுகந்தியை மறந்துபோனீங்களோ அண்ணை என்று கேட்டேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு தேறிக்கொண்டார்.

“அவன் முரடன் பிள்ளை. இவன் எங்கட பிள்ளையல்லோ.”

அம்மா விம்மிக்கொண்டு, அவன் சாப்பிடுகிறானில்லை, உனக்கு வேலைதான் பெரிசாகப் போய்விட்டது என்றா. தம்பி, நான் கூட்டிவந்திருந்த என் மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுளையிலும் வெள்ளை நாரைச் சுத்தமாக எடுத்துவிட்டு அவள் கையில் வைத்தான். நாங்கள் கதைப்பது முழுவதும் அவனுக்குக் கேட்டது. மகளைக் கையில் பிடித்து எழுப்பிக்கொண்டு, சாப்பிடாமலே வெளிக்கிட்டேன்.

இன்று காலை அடித்த தொலைபேசி அவன்தான். என் கைத்தொலைபேசிக்கு அடிக்காமல் கந்தோர் நம்பருக்கு அடித்தான். வதனிக்கு இண்டைக்கு எத்தினை மணிக்கு முடியுது அக்கா என்று கேட்டான், நேற்றும் கேட்டவன் போல, இயல்பாக. உம்முடைய வசனத்தை அவனுக்குச் சொன்னேன். அப்பிடி ஒராள் இஞ்ச வேலை செய்யிறாவோ இல்லையோ எண்டு நான் சொல்லமாட்டன். என் தம்பியிடம், நான் சேர்த்துவிட்ட அவன் மனுசியைப் பற்றி, அந்த வசனம் எவ்வளவு கேலிக்கூத்தாக இருந்தது என்பது எனக்கும் கேட்டது. அவன் சிரிக்கவில்லை.

“உங்களுக்கு நான் ஆர் அக்கா?”

உம்முடைய டப்பாவிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். பிறகு, பரவாயில்லை அக்கா, நான் நிண்டு பாக்கிறன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மத்தியானம் கடந்து யன்னலால் பார்த்தபோது கார் தரிப்பிடத்தில் அவனுடைய கார் நின்றது. வதனியின் வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. காருக்கு வெளியே சாய்ந்து நின்றான். கையில் அம்மாவின் சாப்பாட்டுக் கரியர். என்னை யன்னலில் கண்டுவிட்டான். முகம் மலர்ந்து, கையை உயர்த்தி ஆட்டினான். இறங்கி வருவேன் என்று நினைத்திருப்பான். எனக்கும் கை தன்பாட்டில் பாதி உயர்ந்துவிட்டது. அதை மற்றக் கையால் பிடித்து இறக்கினேன்.

கீழே ஓடி வதனியை வரிசையிலிருந்து எடுத்து உள்ளறையில் இருத்தினேன். தலைவலை, கையுறை எல்லாம் போட்டபடியே, கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல் இருந்தாள். அவர் வந்திருக்கிறார் என்றேன். அவள் அழவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்கள் சொன்னனீங்களோ மச்சாள்?”

இல்லை என்றேன். நம்பினாளோ தெரியாது. நம்பு என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவளைப் பொறுத்தவரை நான் அவனுடைய அக்கா.

மேலே வந்து ஒன்பது ஒன்று ஒன்று அவசர நம்பருக்கு அடித்தேன். பிரெஞ்சில் ஒரு பெண் எடுத்தாள். தொழிற்சாலையின் பெயர், விலாசம், என்ன விஷயம், ஆயுதம் இருக்கிறதா. சாப்பாடு இருக்கிறது என்று வாய்வரை வந்தது. அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னேன், நீளப் பெயர், எழுத்து எழுத்தாகச் சொல்லவேண்டியிருந்தது. அழைப்பது யார் என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். குடும்பப் பெயர்? இந்த மாகாணத்தில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணுக்குத் தகப்பன் பெயர்தானே. திரும்பவும் அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் தட்டச்சு அடிப்பது நின்றது. அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள், குரல் மாறி. தம்பி என்றேன். அவள் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முனகினாள். அப்பா ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலையும் மிதிக்காத மனுசன். அவருடைய பெயரை ஒரே மூச்சில் இரண்டு தரம் கொடுத்தேன்.

இரண்டு பொலிசார் வந்தார்கள். மேலிருந்து பார்த்தேன். அவன் பணிவாகக் கதைத்தான். கரியரைத் திறந்து காட்டினான். ஒரு பொலிஸ்காரி சிரித்தாள்கூட. அவன்மேல் இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை, இது தனியார் இடம், போகச் சொல்லத்தான் முடியும், திரும்பி வந்தால் உடனே அழையுங்கள் என்று மேலே வந்து எனக்குச் சொன்னார்கள். அவன் காரை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது யன்னலைப் பார்க்கவில்லை. வதனியைக் கூடவேலைசெய்கிற பெண் பின்பக்கம் லொறி ஏற்றும் வழியால் கூட்டிக்கொண்டு போனாள். நாளைக்கு அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். நாளை மறுநாளைக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டால் அவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்தால் அவள் எங்கே இருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். நான் ஒளித்துவைக்கக்கூடியது அவளுடைய வேலை முடியும் நேரம் மட்டும்தான்.

நீர் எனக்கு விட்டுப்போனது தைரியம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இன்று யன்னலடியில் நின்றபோது அது உம்முடைய பயம் என்று விளங்கியது. அதைத்தான் சுமக்கிறேன். அது இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சிரித்த முகத்துக்கு நான் இறங்கிப் போயிருப்பேன்.

எல்லோரும் போய்விட்டார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா போன் எடுத்தா. கத்துவா என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அவன் உன்ர தம்பி எண்டதை மறந்துபோனியோ?”

“மறக்கேல்லை அம்மா. அவன் என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியும். அதுதான்.”

அம்மா போனை வைத்துவிட்டா. அந்த மேல்வீட்டுப் படுக்கை அறை அம்மாவின் வரவேற்பறைக்கு நேர் மேலே; தாழ்ப்பாள் போடும் சத்தம் கீழே கேட்கும். என்ன செய்வான் என்று அம்மா என்னைக் கேட்கவேயில்லை.